ஆளில்லாமல் மேலே போன காமிரா

வானத்திலிருந்து முதன்முதலில் படம் பிடித்தவர் யார் என்று கேட்டால், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறை யோசிக்காமல் சொல்லும் பெயர் நதார். ஏதோ நம்மூர்ப் பெயர் போலக் காதில் விழும். உண்மையில் அது புனைபெயர், அவருடைய குடும்பப் பெயர் தூர்நாஷோன். 1858-இல் பாரிசுக்கு வெளியே, கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி அவர் படம் எடுத்தார். பலூனிலிருந்து கசிந்த வாயு, கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்தைக் கெடுத்துக்கொண்டே இருந்ததாம். வாயு வெளியேறும் வாயை மூடிய பிறகுதான் ஒரு மங்கலான படம் விழுந்தது. அதுவும் இன்று கிடைக்கவில்லை.

நதாரின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் விடுகிற, காமிரா வைத்த ரேடியோ விமானத்துக்கு அவர் பாட்டனார் அல்ல. காமிராவோடு அவரும் ஏறினாரே! ஆள் தரையில் நிற்க, காமிரா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது வேறு வித்தை. அதற்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஓட்டுபவர் இல்லாத விமானம் குப்புற விழாமல் எப்படிப் பறக்கும்? அழுத்த விரல் இல்லாத காமிரா எப்படிப் படம் எடுக்கும்? இரண்டுக்கும் விடை கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் இருவர் பெயரும் இருந்ததில்லை.

முதல் விடை அல்ஃபோன்ஸ் பெனோவுடையது. இடுப்பு நோயால் கடற்படையில் சேர முடியாமல் போன இளைஞர். 1871 ஆகஸ்டு 18 அன்று பாரிசின் துய்லெரி பூங்காவில், அறிஞர்கள் சிலர் முன்னிலையில், தாம் செய்த பொம்மை விமானத்தைப் பறக்கவிட்டார். மூன்று மாதம் முன்புதான் கம்யூன் கலவரத்தில் பக்கத்து அரண்மனை எரிந்துபோயிருந்தது. அந்தக் கரிந்த சுவர்களின் ஓரத்தில், 16 கிராம் எடையுள்ள அந்தப் பொம்மை, முறுக்கிய ரப்பரின் பலத்தில் 11 விநாடி பறந்து 40 மீட்டர் கடந்தது. இறக்கை நுனிகளைச் சற்று மேல்நோக்கி வளைத்திருந்தார். பின்னால் ஒரு சிறு வால். விமானம் தலை கவிழப் பார்த்தால் வால் அதை நிமிர்த்தும், பக்கவாட்டில் சாய்ந்தால் வளைந்த நுனிகள் சரிசெய்யும். விசிறியையும் பின்பக்கமே வைத்திருந்தார். அதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்து ஆளேறும் பெரிய விமானம் ஒன்றுக்கு வரைபடம் போட்டு 1876-இல் உரிமமும் வாங்கினார். பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1880-இல், முப்பது வயதில், தற்கொலை செய்துகொண்டார். பெனோ மாதிரியில் செய்த ரப்பர் பொம்மை ஒன்றை 1878-இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரண்டு பையன்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். பையன்கள் பெயர் வில்பர், ஆர்வில். அப்பாவின் பெயர் ரைட்.

இரண்டாவது விடை ஆர்த்தூர் பத்யூவுடையது. 1846-இல் காஸ்த்ரில் பிறந்தவர். தெற்கே தார்ன் மாவட்டத்து லாப்ருகியேர் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை, படம் பிடிப்பதில் பைத்தியம். ஊர்க்காரர்களின் முகங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு முகம் உண்டாக்கிப் பார்த்தவர் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். 1888-இல் காமிராவைக் காற்றாடியில் கட்டி ஏற்றினார். பிரெஞ்சில் காற்றாடிக்கு ‘செர்ஃப்-வோலான்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பறக்கும் மான்! பத்யூவின் மான் இரண்டரை மீட்டர் உயரம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலம். காமிரா அதன் உடம்போடு பிணைக்கப்பட்டிருந்தது.

விரலுக்குப் பதில் அவர் வைத்தது ஒரு திரி. பற்றவைத்து நூலை விடுவார். திரி மெல்லப் புகைந்து சில நிமிடத்தில் ஒரு கட்டை அறுக்கும். இழுத்துக் கட்டிய ரப்பர் விடுபட்டு, காமிராவின் கதவு திறந்து மூடும். படம் விழுந்ததா என்று கீழே நிற்பவருக்குத் தெரிய வேண்டுமே? அதே நேரத்தில் மேலிருந்து ஒரு சிறு கொடி விழும். பார்த்ததும் நூலைச் சுற்றி இறக்க வேண்டியதுதான். எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்பதற்கும் ஒரு கருவி கூடவே போனது. உயரம் தெரிந்தால்தானே படத்தில் ஓர் அங்குலம் தரையில் எத்தனை அடி என்று கணக்கிட முடியும்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வேடிக்கை பார்க்கக் காற்றாடி விடுகிறவனுக்கு அளவுகோல் எதற்கு?

முதல் படம் தெளிவாக வரவில்லை. காற்றாடி ஆடும் வேகத்துக்குக் காமிராக் கதவின் வேகம் போதவில்லை. ரப்பரின் கனத்தை மாற்றி மாற்றிச் சோதித்து வேகத்தைக் கூட்டினார், படம் தெளிந்தது. 1890-இல் செய்முறை முழுவதையும் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார்.

என் பேரன் சென்ற ஆண்டு ஒரு காமிரா விமானத்தைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கிப் பொருத்தினான். தெர்மோகோல் போன்ற நுரையில் செய்த உடல். விசிறி மூக்கில் இல்லை, பின்னால். முன்னால் இருந்தால் படத்தில் குறுக்கே சுழலுமாம். பெனோ நினைவுக்கு வந்தாரா? முதலில் காமிரா இல்லாமலே, இறக்கையின் அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, தராசு போல நிற்கிறதா என்று பார்த்தான். பிறகு புல்தரையில் கையால் வீசிச் சறுக்கவிட்டான். காமிராவை மூக்கில் வைத்ததும் முன்பக்கம் கனத்துவிட்டது. பாட்டரியைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி தராசு. கடைசியில் பறந்த படத்தைத் திரையில் பார்த்தால், வீடுகளெல்லாம் ஜெல்லி மாதிரி நெளிந்தன. விசிறியின் அதிர்வு! விசிறியைச் சமன்செய்து, காமிராவின் அடியில் ரப்பர்த் துண்டு வைத்த பிறகுதான் அடங்கியது. லாப்ருகியேரில் 1888-இல் பட்ட பாடு இதேதான், மருந்தும் ரப்பர்தான்.

இடையில் மற்றவர்களும் கை வைத்தார்கள். 1912-இல் பிக்காவே என்ற பிரெஞ்சுக்காரர், சிலுவைச் சட்டமும் குறுக்குக் கயிறுகளுமாகக் காமிராவைக் காற்றாடி நூலிலிருந்து தொங்கவிட்டார். நூல் எப்படிச் சாய்ந்தாலும் காமிரா சமமாக நிற்கும். ஜெர்மனியில் நொய்ப்ரோன்னர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் காமிராவைக் கட்டியதை என்னவென்று சொல்வது! ரேடியோவால் பொம்மை விமானத்தை ஓட்டுவது அமெரிக்காவில் குட் என்ற இரட்டைச் சகோதரர்களால் 1937-இல்தான் கைகூடியது. பெனோவின் வாலும் பத்யூவின் காமிராவும் ஒரே பொம்மையில் சேர அதற்குப் பிறகே வழி பிறந்தது.

பத்யூ 1918-இல் காலமானார். அப்போது வடக்கே போர்முனையில், ஒருவர் பதுங்குகுழியை மற்றவர் விமானத்திலிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். லாப்ருகியேரில் அவர் பெயரில் ஒரு காட்சியகம் இருக்கிறது. துலூஸ் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் பார்த்துவிட்டு வரலாம்.