தாமஸ் லவ்ஜாய்

தாமஸ் லவ்ஜாய் (ஆகஸ்ட் 22, 1941 – டிசம்பர் 25, 2021) அமெரிக்க வெப்பமண்டலச் சூழலியலாளர் ஆவார். பிரேசிலின் அமேசான் காட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றினார். உயிரியல் பன்மயம் என்னும் கருத்தை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர்.

கல்வி

நியூயார்க்கில் பிறந்த இவர் 1965 இல் முதன்முறையாக அமேசானுக்குச் சென்றார். அங்குள்ள பறவைகளை ஆராய்ந்து, 1971 இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

காட்டுத்துண்டு ஆய்வு

ஒரு பெரிய காப்பகம் நல்லதா, அதே பரப்பில் பல சிறிய காப்பகங்கள் நல்லவையா? 1970களில் சூழலியலாளர்கள் இதைப் பற்றிக் கடுமையாக விவாதித்தனர். காட்டுக்கு எவ்வளவு நிலம் ஒதுக்குவது என்பது இதன் விடையைப் பொறுத்திருந்தது. அப்போது லவ்ஜாய் உலக வனவிலங்கு நிதியத்தில் பணியாற்றினார்.

மனௌசு நகருக்கு வடக்கே மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு வெட்டப்பட்டு வந்தது. நிலத்தில் பாதியைக் காடாகவே விடவேண்டும் என்பது பிரேசிலின் அன்றைய சட்டமாக இருந்தது. எப்படியும் விடப்போகும் காட்டில் ஒரு பகுதியை 1, 10, 100 எக்டேர் சதுரங்களாக விடுமாறு லவ்ஜாய் பண்ணையாளர்களை இணங்கவைத்தார். பிரேசிலின் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து 1979 இல் ஆய்வு தொடங்கியது. காடு வெட்டப்படும் முன்பே உயிரினங்கள் கணக்கெடுக்கப்பட்டதால், பின்னர் நேர்ந்த இழப்பைத் துல்லியமாக அறிய முடிந்தது.

சிறு துண்டுகளில், படையெறும்புகளைப் பின்தொடர்ந்து இரை தேடும் பறவைகள் விரைவில் மறைந்தன. வெயிலும் வறண்ட காற்றும் உட்புகுந்ததால் விளிம்பிலிருந்த பெருமரங்கள் மடிந்தன. 100 எக்டேர் துண்டிலும் காட்டின் கீழ்த்தளப் பறவையினங்களில் பாதி 15 ஆண்டுகளுக்குள் அற்றுப்போயின. ஆயினும், கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் மீண்டும் காடு வளர்ந்தபோது சில பறவைகள் திரும்பி வந்தன. துண்டுகளை இணைக்கும் பசுமை வழிகளின் தேவை இதனால் தெளிவாயிற்று.

அறிவியல் ஒருங்கிணைப்பு

1987 இல் லவ்ஜாய் சிமித்சோனியன் நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்க மேலவை உறுப்பினர்களை ஆய்வு முகாமுக்கே அழைத்துச் சென்று காட்டைக் காட்டினார். வளரும் நாடுகளின் வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியைக் குறைத்து, அதற்கு ஈடாக இயற்கையைக் காக்கச் செய்யலாம் என்று 1984 இல் முன்மொழிந்தார். இத்தகைய முதல் உடன்பாடு 1987 இல் பொலிவியாவுடன் ஏற்பட்டது.

அமேசானில் 20 முதல் 25 விழுக்காடு காடு அழிந்தாலே மழைச் சுழற்சி குலைந்து, பெரும்பகுதி புல்வெளியாகக்கூடும் என 2018 இல் பிரேசில் அறிவியலாளர் கார்லோசு நோப்ரேயுடன் எச்சரித்தார்.

2012 இல் நீலக்கோள் பரிசு பெற்றார். அவர் தொடங்கிய காட்டுத்துண்டு ஆய்வு, அவர் மறைவுக்குப் பின்னும் தொடர்கிறது.