படிக்க ஆளில்லாத ஏடு

1991-இல் நான் வேலைக்காகப் பம்பாய் வந்த புதிதில் அப்பா ஊரிலிருந்து எழுதிய இன்லண்டு லெட்டர்கள், ஒரு தகரப் பெட்டி நிறைய எங்கள் வீட்டில் இருக்கின்றன. அப்பா பள்ளி ஆசிரியர். ஒரு புள்ளிகூட விடாமல் முத்து முத்தாக எழுதுவார். போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிப் பாடத்தைச் சுமக்கிற பிள்ளைக்கு நாலாவது எதற்கு என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

அரை மணி கழித்து வந்து கேட்டாள்: "அப்பா, இந்தப் பொட்டு வெச்ச எழுத்து எதுவுமே வார்த்தை ஆரம்பத்துல வரலியே! இந்த ரெண்டும் ஆரம்பத்துல மட்டுந்தான் வருது. ஏம்ப்பா?" அவள் விரல் வைத்துக் காட்டியது 'அ'வும் 'இ'யும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெய்யெழுத்து தனியாக மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் சொன்ன விதி. எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று மொழிமரபில் கணக்கே கொடுத்திருக்கிறார். ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாத பெண், கண்ணால் பார்த்தே அதில் ஒரு விதியைப் பிடித்துவிட்டாள். உலகத்தில் யாராலும் படிக்க முடியாத ஓர் ஏட்டை அறிஞர்கள் இப்படித்தான் ஆராய்ந்து வருகிறார்கள். அந்தக் கதையை மலர் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

அந்த ஏட்டுக்கு வாய்னிச் கையெழுத்துப் பிரதி என்று பெயர். போலிஷ் குடும்பத்தில் பிறந்து லண்டனில் பழைய புத்தக வியாபாரம் செய்த வில்ஃப்ரிட் வாய்னிச், 1912-இல் இத்தாலியில் இயேசு சபையாரிடமிருந்து அதை வாங்கினார். இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. சுமார் 240 பக்கங்கள். இனம் தெரியாத செடிகள், வான்வட்டங்கள், நீராடும் பெண்கள் என்று படங்கள். 2009-இல் தோலைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியதில் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. எழுத்து மட்டும் வேறெங்கும் காணாத எழுத்து.

ஆனால் சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வசதிக்காக ஒவ்வொரு குறிக்கும் ஒரு ரோமன் எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையான ஒலி அல்ல. அந்த முறையில் 'கியூ' எனப்படும் குறி பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். அதை அடுத்து அநேகமாக எப்போதும் 'ஓ'தான். வேறு சில குறிகள் சொல்லின் கடைசியிலேயே நிற்கும். பிரேசில் நாட்டுக் கணினி அறிஞர் ஜோர்ஜ் ஸ்டோல்ஃபி 2000-ஆம் ஆண்டு வாக்கில், பெரும்பாலான சொற்கள் வெளி ஓடு, நடு அடுக்கு, உள்கரு என்ற அமைப்பில் அடங்கும் என்று காட்டினார். அமெரிக்கக் கடற்படையில் சங்கேத ஆய்வு செய்த பிரெஸ்காட் கரியர், 1976-இல் இன்னொன்றைச் சொன்னார்: ஏட்டின் ஒரு பகுதியில் மிகுதியாக வரும் சொல்லிறுதிகள் மற்றொரு பகுதியில் அருகியே வருகின்றன.

இதையெல்லாம் முதன்முதலில் படித்தபோது எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் உருபு மாதிரி ஒன்று. 'வீட்டிலிருந்து' என்று நாம் ஒட்டிக்கொண்டே போவது போல இருக்கிறதே! அட, தமிழாக இருக்குமோ?

அந்த ஆசை ஆபத்தானது. பென்சில்வேனியாப் பேராசிரியர் வில்லியம் நியூபோல்ட், 1921-இல் தான் அதைப் படித்துவிட்டதாக அறிவித்தார். எழுத்துக்குள் நுண்ணிய கோடுகள் மறைந்திருப்பதாகவும் அதுவே சங்கேதம் என்றும் சொன்னார். 1931-இல் ஜான் மேன்லி பதில் எழுதினார்: அவை தோலின் மேல் மை காய்ந்து வெடித்த விரிசல்கள்! அதோடு, அந்த முறையில் யாரும் தாம் விரும்பியதைப் படித்துக்கொள்ளலாம் என்பதையும் காட்டினார்.

ஒழுங்கு இருப்பதாலேயே பொருள் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் கோர்டன் ரக், கட்டம் போட்ட ஓர் அட்டவணையையும் துளையிட்ட ஓர் அட்டையையும் கொண்டே இந்த மாதிரிச் சொற்களை உண்டாக்கலாம் என்று 2004-இல் காட்டினார். ஏட்டில் ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வரும் இடங்களும் உண்டு. மொழியா, சங்கேதமா, வெறும் வேடிக்கையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி வீணா? இல்லை. கிரேக்கத் தீவான கிரீட்டில் கிடைத்த 'லீனியர் பி' களிமண் ஏடுகளுக்கு, நியூயார்க் ஆசிரியை ஆலிஸ் கோபர் இப்படித்தான் சுமார் 1,80,000 அட்டைகளில் கணக்கு வைத்தார். எந்தக் குறிக்கும் ஒலி கொடுக்க மறுத்துவிட்டார். எந்தச் சொல்லின் கடைசி எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்த்தார். 1950-இல் காலமானார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்தே காட்டினார். பழைய கிரேக்கம்! கோபர் பொறுமையாக எண்ணி வைத்தது அப்போது கைகொடுத்தது. வாய்னிச் ஏட்டுக்கு இன்னும் ஒரு வென்ட்ரிஸ் வரவில்லை.

என் மகள் அன்றைக்கு இன்னொன்றும் கேட்டாள். "அப்பா, எல்லா லெட்டர்லயும் தாத்தா முடிக்கிறதுக்கு முன்னாடி இதே ரெண்டு வார்த்தை வருது. என்னது அது?"

வாங்கிப் பார்த்தேன். 'மற்றவை நேரில்.'

வாசித்துச் சொன்னேன். அப்புறம் அந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். மழை, நெல் விலை, அம்மாவின் முழங்கால் வலி, பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்ற கேள்வி. அந்தப் பொங்கலுக்கு நான் போகவில்லை. தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை.

சொல் எங்கே வருகிறது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். என்ன சொல்கிறது என்பதற்கு நான் வேண்டியிருந்தது. வாய்னிச் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு இன்னும் ஓர் ஆள் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இருவரும் உட்காருகிறோம். 'ழ'வும் 'ள'வும் இன்னும் குழப்புகிறது. பரவாயில்லை. 'மற்றவை நேரில்' மட்டும் அவளே எழுதிவிடுகிறாள்.