மென்டோசினோ மேசானிக் மண்டபம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கரையோரச் சிற்றூரான மென்டோசினோவில் உள்ள ஃப்ரீமேசன் சகோதர அமைப்பின் கூடம். 19ஆம் நூற்றாண்டில், மரம் அறுக்கும் தொழிலால் ஊர் செழித்திருந்தபோது எழுந்தது. கட்டட வேலையை மேற்பார்த்த எரிக் ஆல்பர்ட்சனே உள்ளூர்க் கிளையின் முதல் தலைவர். கூரை உச்சியில் நிற்கும் ‘காலமும் கன்னியும்’ சிற்பமும் அவர் கைவண்ணம்தான். ரெட்வுட் மரத்தில் செதுக்கி வெள்ளை பூசியது. முறிந்த தூணின் முன் நிற்கும் கன்னி, அகேசியாக் கிளையும் கலசமும் ஏந்தியிருக்கிறாள். சிறகுள்ள முதியவராகிய காலம் பின்னால் நின்று அவள் கூந்தலை அளைகிறார். இவையெல்லாம் மேசன்கள் வழிவழியாகப் போற்றும் இறப்பு, நிலைபேறு பற்றிய குறியீடுகள். கட்டடம் எளியதே, அதற்குப் பெருமை சேர்ப்பது இந்தச் சிற்பம். 1971இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இடம்பெற்ற ஊர்ப்பகுதிக்குள் மண்டபமும் அடங்கும்.