எரிப்போமானோம்! – காஞ்சியில் எதிர்காலம் படித்த கதை

ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னதும், "இன்ஜினியர்தானே, மோட்டாரைப் பத்தி ஏதாவது எழுதேன்" என்றார்கள் நண்பர்கள். மோட்டாரை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. பத்து வருஷமாக டெண்டர் ஆவணங்களோடு குடும்பம் நடத்துகிறவன் நான். அவற்றில் ஒரு வினைச்சொல்லின் காலம் மாறினால் பொறுப்பு மாறும், பணமும் மாறும். "பம்ப் பொருத்தப்படுகிறது" என்றால் அது வெறும் செய்தி. "பொருத்தித் தருவோம்" என்றால் அது கடன். அந்தக் கண்ணோடு நம் ஊர் இலக்கணத்தையும் கல்வெட்டையும் பார்த்ததில் விளைந்ததே இக்கட்டுரை.

கிரேக்கத்தின் தலைவலி

பழைய கிரேக்கம் படிக்கிற மாணவனை அழவைக்கிற பாடங்களில் எதிர்கால வினையும் ஒன்று. விதி என்னவோ சுலபம்தான். வினையடியோடு ஒரு 'ச' சேர்க்க வேண்டும். 'லூஓ' என்றால் அவிழ்க்கிறேன், 'லூசோ' என்றால் அவிழ்ப்பேன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் விதிவிலக்குகள் வந்து நிற்கும். 'பெரோ' (சுமக்கிறேன்) என்பதன் எதிர்காலம் 'ஒய்சோ'. 'ஹொராஓ' (பார்க்கிறேன்) என்பது 'ஒப்சொமாய்' ஆகிவிடும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'மெனோ' (தங்குகிறேன்) இன்னும் வேடிக்கை. எதிர்காலத்திலும் அதே எழுத்துகள்தான், அழுத்தம் மட்டும் கடைசிக்குத் தாவும். ஆகவே ஒவ்வொரு வினைக்கும் ஆறு முதன்மை வடிவங்களை உருப்போடுவது அங்கே வழக்கம்.

"நல்ல வேளை, நாம தப்பிச்சோம்" என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டிலும் இந்தக் கதை உண்டு.

நம் வீட்டுக் கதை

எதிர்காலத்துக்கு 'ப்', 'வ்' என இரண்டே இடைநிலைகள் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நன்னூல். செய்வான், உண்பான், முடிந்தது பாடம். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் கேட்பார்: "செல், நில் இரண்டும் 'ல்' என்றுதானே முடிகின்றன? பிறகு ஏன் செல்வான், நிற்பான்?" எந்த வினை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை அவர் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அவன் வருவான், அவள் வருவாள். ஆனால் ரயில் வரும். அந்த 'வரும்' நாளைக்கு வருவதையும் குறிக்கும், தினமும் வருவதையும் குறிக்கும்.

சங்க காலத் தமிழுக்குப் போனால் நாமே வெளியூர்க்காரர்கள்தான். தொல்காப்பியம் தன்மை ஒருமைக்குச் சொல்லும் விகுதிகளில் கு, டு, து, று என்ற நான்கு உண்டு. இவற்றுக்குத் தனியாகக் கால இடைநிலை கிடையாது. விகுதியே காலத்தையும் காட்டிவிடும். 'கு' எதிர்காலம் மட்டும் காட்டும்: 'உண்கு' என்றால் உண்பேன். 'டு' இறந்தகாலம் மட்டும்: 'யான் உண்டு' என்றால் உண்டேன். 'து', 'று' இரண்டும் இரு பக்கமும் பேசும். 'யான் வந்து' என்றால் வந்தேன், 'யான் வருது' என்றால் வருவேன். 'யான் சென்று' என்றால் சென்றேன். செல்வேன் என்பதற்கோ 'சேறு'!

இன்றைக்கு 'சேறு' என்றால் மழைக்காலத்தில் தெருவில் மிதிப்பதுதான் நினைவுக்கு வரும். "நாளை வருது" என்றால் பஸ்ஸா ரயிலா என்று கேட்போம். "நான் போகிறேன், வருவேன்" என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் சொன்ன வாக்கு, அவன் பேரப்பிள்ளைகளுக்கே புரியவில்லை. இதுதான் என்னை உறுத்துகிற விஷயம்.

காஞ்சியில் இலக்கணம்

இதை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார்கள், அதுவும் நம் ஊரில். காஞ்சி பழைய கல்வி நகரம். கடம்ப மரபைத் தொடங்கிய மயூரசர்மன், குருவோடு இங்குள்ள கடிகைக்கு வேதம் படிக்க வந்ததைக் கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையின் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் சேர்ந்த சிவஞான முனிவர் காஞ்சியில் தங்கிப் பாடம் சொன்னார். சங்கர நமச்சிவாயர் எழுதிய நன்னூல் விருத்தியுரையைத் திருத்தி விரிவாக்கியவர் அவர். காஞ்சிப் புராணத்தின் முதல் காண்டமும் அவருடையதே. இரண்டாம் காண்டத்தை மாணவர் கச்சியப்ப முனிவர் பாடினார். சிவஞான முனிவர் மறைந்தது 1785இல்.

கடல் கடந்து வந்த மாணவர்களும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. 1855இல் கார்ல் கிரவுல் தமிழ் வினைகளை வகை வகையாகப் பிரித்து அடுக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் வினைச்சொல் பக்கத்தில் ஓர் எண் இருக்குமே, அது அந்தப் பாகுபாட்டின் வழி வந்தது. கிரேக்க மாணவனுக்கு ஆறு வடிவங்கள் செய்யும் வேலையை நமக்கு அந்த ஒற்றை எண் செய்கிறது.

கல்லில் வெட்டிய எதிர்காலம்

இனி என் டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் கோயில்களுக்கு விளக்குக் கொடை கொடுப்பது பெரிய வழக்கம். ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு என்பது பரவலான கணக்கு. ஆட்டை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திராதித்தவல், அதாவது சந்திர சூரியர் உள்ளவரை.

அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமல் இருக்குமா என்ன? செத்ததற்குப் பதில் குட்டி வளர்ந்து வரும், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதே பொருள். 'சாவா' என்ற அந்த எதிர்மறைக்குக் கால இடைநிலையே இல்லை. நேற்றும் இன்றும் நாளையும் அதற்குள் அடக்கம். முதல் குறையாமல் வட்டியை மட்டும் எடுக்கிற அறக்கட்டளைத் திட்டத்தை இரண்டே சொல்லில் எழுதிவிட்டார்கள்.

பொறுப்பேற்றவர்கள் 'எரிப்போம்' என்று சொல்லி விட்டுவிடவில்லை. 'எரிப்போமானோம்' என்றார்கள். எரிப்போம் என்பது எதிர்காலம்; ஆனோம் என்பது இறந்தகாலம். "இனி எரிப்பவர்களாக நாங்கள் ஆகிவிட்டோம்", பேச்சு வழக்கில் சொன்னால், "கையெழுத்து போட்டாச்சு." செய்யப்போகும் வேலை நாளையில் இருக்கிறது, கொடுத்த வாக்கோ முடிந்துபோனது, அதை மாற்ற முடியாது. இன்றைய ஒப்பந்தப் பத்திரம் அரைப் பக்கத்தில் சொல்வதை ஒரே வினைச்சொல்லில் சொன்ன மொழி இது.

நெசவாளர்க்கும் இதில் பங்கு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் 10ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயில் காரியங்களைப் பற்றியது. நாம் உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோமே, அதேதான். அதன் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்பு இந்நகரப் பட்டசாலியர் சேரிகளிடம் தரப்பட்டது. தறியில் உட்கார்ந்தவர்களை நம்பி ஒரு கோயிலின் நாளை ஒப்படைக்கப்பட்டது என்பது நம் ஊருக்குச் சின்னப் பெருமை இல்லை.

இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வெட்டுகள் சாவா மூவாப் பொருள் அல்ல. சுண்ணாம்பு பூசி மறைந்தவை உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் தேய்ந்தவையும் உண்டு. எழுத்து இருந்தும் படிக்கத் தெரியாவிட்டால் அதுவும் ஒருவகைத் தேய்மானம்தான். பொறியியலோ வணிகவியலோ எது படித்தாலும் சரி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு நன்னூல் உரை, அச்சான கல்வெட்டுத் தொகுதி ஒன்று, கூட இரண்டு நண்பர்கள். அச்சில் பாடத்தைப் பார்த்துவிட்டு சுவருக்குப் போங்கள். எழுத்து தானாகக் கண்ணில் படும். பழைய மாணவர்கள் நாங்களும் கூட வருகிறோம். நம் சங்கத்தின் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன்: படிப்போமானோம்!