முகமும் பெயரும்: மலையகத்துப் படத்தொழிலின் வரலாறு

போகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் வழியே ஓடிவரும் கெகல்கமு ஓயாவும், சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் மஸ்கெலிய ஓயாவும் பொல்பிட்டியவுக்கு அருகே கலந்து களனி கங்கையாகின்றன. அந்நீரைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் பொல்பிட்டியவில் 1969இல் இயங்கத் தொடங்கியது. நாட்டின் நகரங்களுக்கு ஒளி அனுப்பிய இம்மலைகளில், தேயிலைத் தொழிலாளியின் லயன் அறைகள் நெடுங்காலம் குப்பி விளக்கோடே இருந்தன. ஒளி பிறக்கும் இடத்தில் வாழ்ந்தோர்க்கு அவ்வொளி உரியதாகவில்லை. ஒளியையே மூலப்பொருளாகக் கொண்ட படத்தொழிலின் வரலாறும் மலையகத்தில் இதனின்று வேறுபட்டதன்று.

1839இல் பாரிசில் டாகேரின் படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் நிறைவதற்குள், உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஒருவர் நமது மலைகளுக்கு வந்து சேர்ந்தார். அவர் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கை ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவில் ஒருவர்; இங்கே கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா கமரன் 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். போகவந்தலாவைத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்துக் கழுவியாக வேண்டிய கடினமான முறை அவருடையது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள்: கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் என ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் உண்டு. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை சிலவே. அவற்றில் இந்நாட்டு உழைக்கும் மக்களின் முகங்கள் இருக்கின்றன, பெயர்களைத்தான் காணோம். அந்தப் பெண்மணியின் கலைத்திறத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்ட பெயர், படத்தின் கீழே எழுதப்படவில்லை என்பதையே சுட்டுகிறோம். யாருடைய பெயர் நினைவுக்குரியது என்பதை அன்றைய சமுதாய அமைப்பே தீர்மானித்தது.

கமரனுக்குப் படம்பிடித்தல் கலையாக இருந்தது. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய நிறுவனங்களும், 1890இல் கொழும்பில் தோன்றிய பிளேட்டே நிறுவனமும் அதனை வாணிபமாக வளர்த்தன. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை எழுந்த காலம் அது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் மலைச்சரிவும் தபால் அட்டைகளிலேறிக் கடல் கடந்தன. கூடை சுமந்தவள் சிரித்தபடி நின்றாள். அட்டையை விற்றவனுக்கு இலாபமும், வாங்கியவனுக்கு ஓர் இனிய காட்சியும் கிடைத்தன. அவளுக்குத் தன் படத்தின் ஒரு பிரதியேனும் கிடைத்திருக்குமா?

தொழிலாளி தன் விருப்பத்தோடு, தன் காசைக் கொடுத்து, தனக்காகவே படம் எடுத்துக்கொண்டது மலையக நகரங்களில் ஸ்டூடியோக்கள் தோன்றிய பிறகே. ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி முதலிய ஊர்களின் கடைத்தெருக்களில், வர்ணம் தீட்டிய திரைச்சீலையும் இரண்டு விளக்குகளும் ஒரு நாற்காலியும் கொண்டு இத்தொழில் நடந்தது. தீபாவளி முற்பணம் கையில் வந்ததும் புத்தாடை உடுத்திய குடும்பம் அங்கே ஏறிற்று. படப்பிடிப்பாளர் அவர்களை அமர்த்தி, குழந்தையின் முகத்தைத் திருப்பி, மூச்சையடக்கச் சொல்லிப் படமெடுத்தார். பின்னர் இருட்டறையில் பிலிமைக் கழுவி, நெகட்டிவில் கூரிய பென்சிலால் திருத்தம் செய்து, சிவப்பு விளக்கின் கீழ் தாளில் படத்தை வருவித்தார். இதில் இரசாயனமும் உண்டு, கைவினையும் உண்டு, பொறுமையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரசீதுப் புத்தகத்தில் அவர் அக்குடும்பத்தின் பெயரை எழுதினார். முகமும் பெயரும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

ஆனால் அதே ஸ்டூடியோவுக்குத் துயரம் நிறைந்த வேறொரு வேலையும் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. புறப்படுவோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டில் முகம் இருந்தாக வேண்டும். திருநாளுக்குப் படமெடுத்த அதே நாற்காலியில் அமர்ந்துதான் பலர் பிரிவுக்கான படத்தையும் எடுத்துக்கொண்டனர். 1972இல் இந்நாட்டில் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது அது குடிமக்களுக்கே உரியதாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அட்டையில் முகம் இடம்பெறும் உரிமைக்காக மலையக மக்களில் ஒரு பகுதியினர் காத்திருந்தனர்.

கப்பலேறியவர்களுள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். தாயகம் திரும்பியோர்க்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அதே நீலகிரியில், உதகமண்டலத்தில், இந்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967 முதல் பிலிம் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. படத்தோடு வெளியேற்றப்பட்டவர்கள் படச்சுருள் பிறக்கும் மலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆலையும் 1990களில் நலிவடைந்து, பின்னர் மூடப்பட்டது.

அத்தகைய ஆலைகளை வீழ்த்திய மாற்றத்தின் வித்து வெகு தொலைவில் ஊன்றப்பட்டது. 1975இல் அமெரிக்கக் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன் பிலிம் இல்லாத கமராவொன்றை அமைத்தார். பிலிம் விற்பனையில் கொழுத்திருந்த நிறுவனம் அதன் வருங்காலத்தைப் பற்றிக்கொள்ளத் தவறியது; 2012 ஜனவரியில் கடன் சுமையால் நீதிமன்றத்தை நாடிற்று. ஒரு பெருநிறுவனத்தின் கணக்குத் தவறினால் உலகெங்கும் எத்தனை இருட்டறைகளின் கதவு மூடப்பட்டது!

இன்று மலையக நகரத்துப் படப்பிடிப்பாளரின் நிலை என்ன? கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. குடும்பப் படத்துக்கு ஸ்டூடியோ தேவைப்படுவதில்லை. திருமணத்தில் ஆயிரக்கணக்கில் படமெடுத்து, இரவெல்லாம் கணினியின் முன் விழித்துத் திருத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கமராவும் வில்லையும் இறக்குமதிப் பொருள்கள். 2022இன் நெருக்கடியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, பழுதான கருவிக்கு மாற்று வாங்குவதே பெரும் பாடாயிற்று. பென்சிலால் நெகட்டிவைத் திருத்தக் கற்ற கைக்கு முதுமையில் புதுத் தொழில் கற்பிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

புதுக்கருவியை நாம் வெறுக்கவில்லை. தோட்டத்துப் பெண் தன் கையிலுள்ள தொலைபேசியால் ஒழுகும் கூரையையும் அட்டை கடித்த காலையும் படமெடுத்து உலகுக்குக் காட்ட முடிகிறதென்றால், கமரன் காலத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். கருவி பரவியது நன்மையே. ஆனால் அதற்குரிய விலையைச் சிறு தொழிலாளி மட்டுமே கொடுப்பது நீதியாகாது. மேலும், தொலைபேசியில் குவியும் படங்கள் தொலைபேசியோடே அழிகின்றன; அல்லது அயல்நாட்டு நிறுவனங்களின் களஞ்சியத்தில் கிடக்கின்றன. சுற்றுலா விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணோ இன்றும் பெயரின்றியே சிரிக்கிறாள்.

மூடப்படும் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் நெகட்டிவ் பெட்டிகள் உள்ளன. அவற்றோடு இரசீதுப் புத்தகங்களும் உள்ளன. ஈரமும் பூஞ்சணமும் அவற்றைத் தின்னும் வேகத்தை மலைநாட்டில் வாழ்வோர் அறிவர். ஏட்டில் எழுதப்படாத ஒரு மக்களின் வரலாற்று ஆவணம் அங்கே கிடக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். பழைய படப்பிடிப்பாளரிடம் சென்று அவருடைய தொழில் அனுபவத்தை எழுதிக்கொள்வோம். அவர் உடன்பட்டால் நெகட்டிவ்களைப் படிசெய்து பாடசாலை நூலகத்தில் பாதுகாப்போம். அந்த உழைப்புக்கு அவருக்கு உரிய ஊதியம் கிடைக்கவும் வழி செய்வோம். வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தைக் கழற்றி, பாட்டியிடம் கேட்டு, ஒவ்வொரு முகத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதன் பின்புறத்தில் எழுதுவோம்.

கேட்பதற்குப் பாட்டி இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.