இணையவழிக் கடன் அட்டை மோசடி

இணையவழிக் கடன் அட்டை மோசடி என்பது, ஒருவருடைய கடன் அட்டை விவரங்களை முறையற்ற வழியில் பெற்று, அவற்றைக் கொண்டு இணையத்தில் பொருள் வாங்குவது அல்லது பணம் பறிப்பது ஆகும். இணையக் கொள்முதலில் அட்டையை நேரில் காட்ட வேண்டியதில்லை. எனவே அட்டை உரியவரின் கையில் இருக்கும்போதே இம்மோசடி நிகழக்கூடும்.

மோசடி முறைகள்

* தூண்டிலிடல்: வங்கியின் பெயரில் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி, போலி இணையத்தளத்தில் விவரங்களை உள்ளிடச் செய்தல்.
* தொலைபேசி ஏமாற்று: வங்கி அலுவலர் போலப் பேசி, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுதல். "அட்டை முடக்கப்படும்" என்ற அச்சுறுத்தலும் "பரிசுப் புள்ளிகள் காலாவதியாகும்" என்ற ஆசை வார்த்தையும் பரவலாகக் கையாளப்படுகின்றன.
* திரைப் பகிர்வு: உதவி செய்வதாகக் கூறிச் செயலி ஒன்றை நிறுவச் செய்து, கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்த்தல்.
* தரவுக் கசிவு: வணிகத் தளங்களின் தரவுத்தளங்களிலிருந்து அட்டை எண்களைத் திருடுதல்.

இந்தியாவில் பாதுகாப்பு விதிகள்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2009 ஆகஸ்ட் 1 முதல் உள்நாட்டு இணையக் கொள்முதல்களுக்கு அட்டையில் அச்சிடப்படாத கூடுதல் உறுதிப்பாடு ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. ஒருமுறைக் கடவுச்சொல் இத்தகையது. வெளிநாட்டுத் தளங்கள் பல இதனைக் கேட்பதில்லை. அத்தளங்களில் அட்டை விவரங்கள் மட்டுமே போதுமானவையாக இருந்துவிடுகின்றன.

2020 அக்டோபர் 1 முதல், புதிய அட்டைகளில் இணையப் பயன்பாடும் பன்னாட்டுப் பயன்பாடும் உரியவர் கேட்டால் மட்டுமே இயக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைப்பது 2022 அக்டோபர் 1 முதல் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றாக, அத்தளத்திற்கு மட்டுமே பயன்படும் டோக்கன் எனும் குறியெண் சேமிக்கப்படுகிறது.

இழப்பிற்கான பொறுப்பு

2017 சூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இழப்பை யார் ஏற்பது என்பதை வரையறுத்தது. வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாத நிலையில், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டவருக்கு இழப்பில்லை என்று அது கூறியது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் முறையிட்டவரின் பொறுப்பு குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும். மாறாக, கடவுச்சொல்லைத் தாமே பிறரிடம் தெரிவித்தவர், முறையிடும் வரை ஏற்படும் முழு இழப்பையும் ஏற்க வேண்டும். முறையிட்ட பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே, தவறு தம்முடையதே ஆயினும் உடனே முறையிடுவது இழப்பைக் குறைக்கும்.

தற்காப்பு வழிகள்

* ஒருமுறைக் கடவுச்சொல், சி.வி.வி. எண் ஆகியவற்றை எவரிடமும் கூறலாகாது. வங்கிகள் இவற்றைத் தொலைபேசியில் கேட்பதில்லை.
* கடவுச்சொல்லுடன் வரும் குறுஞ்செய்தியில் உள்ள தொகையையும் வணிகரின் பெயரையும் படித்த பின்னரே அதனை உள்ளிட வேண்டும்.
* முகவரிப் பட்டையிலுள்ள பூட்டுக் குறி, தகவல் மறையாக்கம் செய்யப்படுவதை மட்டுமே காட்டும். தளம் நேர்மையானது என்பதற்கு அது சான்றன்று.
* பன்னாட்டுப் பயன்பாட்டைத் தேவையற்ற வேளைகளில் நிறுத்தி வைக்கலாம்.
* வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், அட்டையின் பின்புறத்தில் பார்த்துக்கொள்வது நன்று.

முறையீடு

மோசடி தெரிந்தவுடன் அட்டையை முடக்கி, வங்கியிடம் முறையீட்டு எண்ணைப் பெற வேண்டும். இந்தியாவில் 1930 என்ற உதவி எண்ணிலும், தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் புகார் அளிக்கலாம்.