வெளிநாட்டு மருந்தை நாமே வரவழைக்கலாமா? அனுமதி, வரிச்சலுகை, ஆபத்து... முழு விவரம்!

"இந்த மருந்து இங்கே கிடைக்காது, வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்கணும்." டாக்டர் இப்படிச் சொன்னதும் பல குடும்பங்கள் முதலில் செல்போனை எடுத்து அந்த மருந்தின் பெயரைத் தேடுகின்றன. பாதி விலை, டோர் டெலிவரி என்று வாட்ஸ்அப் நம்பரோடு விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும். அங்கே பணம் கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் இதோ.

எந்த மருந்துகளுக்கு இந்த நிலை?

அரிய மரபணு நோய்களுக்கான மருந்துகளும், சில வகை புற்றுநோய் மருந்துகளும்தான் இதில் முக்கியமானவை. நோயாளிகள் எண்ணிக்கை குறைவு என்பதால் சில நிறுவனங்கள் இந்தியாவில் விற்பனைக்கே வருவதில்லை. விலையும் மிக அதிகம். முதுகுத்தண்டு தசைநார் சிதைவு நோய்க்கான (எஸ்.எம்.ஏ) ஸோல்ஜென்ஸ்மா ஊசி ஒரு டோஸே சுமார் 16 கோடி ரூபாய். சில அரிய நோய்களுக்கு, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய்க்கு மேல் வரை செலவாகலாம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. எடை கூடக் கூட செலவும் கூடும்.

சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 36-வது விதி, சொந்தப் பயன்பாட்டுக்கு மருந்து கொண்டுவர 2 வழிகளைத் தருகிறது.

முதல் வழி, வெளிநாட்டில் இருந்து வரும் பயணி தனக்கான மருந்தை லக்கேஜில் கொண்டு வருவது. ஒரு மருந்து சராசரியாக 100 டோஸ்களைத் தாண்டக் கூடாது. சுங்க அதிகாரிகள் கேட்டால் கணக்கு காட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, கூரியர் அல்லது சரக்கு விமானம் மூலம் வரவழைப்பது. இதற்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12-ஏ மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டரின் மருந்துச் சீட்டு கட்டாயம். கேட்கும் அளவும் நியாயமாக இருக்க வேண்டும். அதிகாரிகளுக்குத் திருப்தி என்றால் படிவம் 12-பி-யில் பெர்மிட் தருவார்கள். அது அந்த நோயாளிக்கு மட்டும்தான். மிச்சமான மருந்தை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. போதைப்பொருள் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு விதிகள் இன்னும் கடுமை.

வரிச்சலுகை எவ்வளவு?

நேர்வழியில் போவதன் பெரிய லாபமே இதுதான். தேசிய அரிய நோய்கள் கொள்கை 2021-ன் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதியாகும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படை சுங்க வரி முழுமையாக ரத்து. சிறப்பு மருத்துவ உணவுகளுக்கும் இது பொருந்தும். மத்திய அல்லது மாநில சுகாதார சேவை இயக்குநர், மாவட்ட மருத்துவ அதிகாரி, சிவில் சர்ஜன் ஆகியோரில் ஒருவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அதேபோல, 2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு இருந்த 12% ஜி.எஸ்.டி பூஜ்ஜியமாகிவிட்டது. விலை கோடிகளில் இருக்கும்போது இந்தச் சலுகைகளின் மதிப்பும் பல லட்சங்களைத் தொடும்.

சரி, ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து, போலி மருந்து. விலை உயர்ந்த மருந்து என்றால் மோசடிக் கும்பலுக்கும் லாபம் அதிகம். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. பிரபல வெளிநாட்டு புற்றுநோய் மருந்துகளின் காலி பாட்டில்களைச் சேகரித்து, பூஞ்சைத் தொற்றுக்கான மலிவு மருந்தை அடைத்து விற்றிருக்கிறார்கள். பாட்டில் ஒரிஜினல், லேபிளும் ஒரிஜினல். உள்ளே இருந்தது மட்டும்தான் வேற!

அதற்கு முந்தைய ஆண்டு, அட்செட்ரிஸ் என்ற புற்றுநோய் ஊசியின் போலிகள் இந்தியா உட்பட சில நாடுகளில் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

அடுத்து, குளிர்ச்சி. பல ஊசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்தாக வேண்டும். வழியில் குளிர்ச்சி போனால், அசல் மருந்தும் வீணாகலாம். அதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, பொறுப்பு. முகவரி இல்லாத வெப்சைட்டில் வாங்கினால், மருந்து சுங்கத்தில் சிக்கினாலோ, பக்கவிளைவு வந்தாலோ கேட்க ஆள் இருக்காது. பணம் போவதை விட, சிகிச்சைக்கான நாட்கள் கைவிட்டுப் போவதுதான் பெரிய இழப்பு.

இங்கேயே கிடைக்கிறதா என்று பாருங்கள்

எஸ்.எம்.ஏ நோய்க்கான ரிஸ்டிப்லாம் மருந்து ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. காப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 அக்டோபரில் இந்தியாவின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்கு அறிவித்தது. அதனால் இந்தியத் தயாரிப்பு வந்திருக்கிறதா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். அரிய நோய்க் கொள்கையின்படி, பெங்களூரு இந்திரா காந்தி மருத்துவமனை, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி மருத்துவமனை போன்ற உயர் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை நிதியுதவியும் கிடைக்க வழி உண்டு.

ஆர்டர் போடும் முன் கவனிக்க வேண்டியவை

* சிகிச்சை பெறும் மருத்துவமனை வழியாகவே ஆர்டர் போட முயலுங்கள்.
* 12-பி பெர்மிட், வரிச்சலுகைச் சான்றிதழ் இரண்டும் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.
* "பெர்மிட் எல்லாம் வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னால், உடனே விலகிவிடுங்கள்.
* பேட்ச் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.
* பார்சலோடு வெப்பநிலைப் பதிவுக் கருவி வருகிறதா என்று கேளுங்கள்.
* ரசீது, அட்டைப்பெட்டி, பேட்ச் எண் போட்டோ ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள்.
* ஊசி போட்டதும் காலி பாட்டிலின் லேபிளைக் கிழித்து அழிக்கச் சொல்லுங்கள். அது போலி மருந்துக் கும்பலின் கையில் சேரக் கூடாது.

பெர்மிட்டுக்காக அலைவது கஷ்டம்தான். ஆனா மருந்து யார் தயாரித்தது, எந்த வழியில் வந்தது என்று உங்கள் கையில் ஆதாரம் இருப்பது அந்த வழியில் மட்டும்தான்.